ஒளிரும் செல்களும் நம் ஊர்த் தண்ணீரும்: ஹார்மோனைக் குலைக்கும் ரசாயனங்களைக் கண்டறியும் சோதனை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் செல் வளர்ப்பு ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். திருப்பூர், பெருந்துறை, கரூர் பக்கம் கல்லூரிகளிலும் விவசாயிகள் கூட்டங்களிலும் இந்தச் சோதனையைப் பற்றிப் பேசும்போது வருகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சாயப்பட்டறை நடத்துபவர்களும் கேட்டார்கள், ஆற்றோரம் தோட்டம் வைத்திருப்பவர்களும் கேட்டார்கள், பெண் குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களும் கேட்டார்கள். அதனால் கேள்விகள் ஒரே சீராக இருக்காது.

செல் எதற்காக ஒளி வீச வேண்டும்?

ஹார்மோன் என்பது ரத்தத்தில் மிக மிகச் சிறிய அளவில் ஓடும் சேதி. ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் ஒரு செல்லுக்குள் போனதும் அங்கே இருக்கும் ஈஸ்ட்ரோஜென் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்கிறது. இரண்டும் சேர்ந்து டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உட்காருகின்றன. அந்த இடத்துக்கு அடுத்திருக்கும் மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. உடம்பில் நடப்பது இதுதான்.

ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல்லில், அதே இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மின்மினிப்பூச்சியின் மரபணுவை வைத்துவிடுகிறார்கள். அந்த மரபணு லூசிபெரேஸ் என்ற நொதியை உண்டாக்கும். லூசிபெரின் என்ற பொருளைக் கொடுத்தால், செல்லின் சக்திப் பொருளான ஏ.டி.பி.யும் ஆக்சிஜனும் சேர்ந்து மஞ்சள் பச்சை ஒளி வரும். ஆக, ஏதோ ஒரு ரசாயனம் ஈஸ்ட்ரோஜெனைப் போல நடித்து ஏற்பியை முடுக்கிவிட்டால், செல் ஒளிரும். எவ்வளவு பலமாக முடுக்கியதோ அவ்வளவு ஒளி.

மின்மினி எந்த ஊர் மின்மினி?

டாப்சிலிப் பக்கம் கோடையில் மரம் மரமாகச் சேர்ந்து மின்னுகிற நம் ஆனைமலை மின்மினியா என்று பொள்ளாச்சியில் ஒரு மாணவி ஆசையாகக் கேட்டாள். இல்லை. பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது போட்டினஸ் பைராலிஸ் என்ற வட அமெரிக்க மின்மினியின் மரபணுவோ, அதிலிருந்து மாற்றி எடுத்ததோதான். 1985இல் கலிபோர்னியாவில் அதைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே அதை ஒரு புகையிலைச் செடிக்குள் வைத்து, செடியை ஒளிர வைத்தும் காட்டினார்கள். ஆனைமலையிலும் அமெரிக்காவிலும் வேதியியல் ஒன்றுதான், லூசிபெரினும் ஒன்றுதான்.

சோதனை எப்படி நடக்கிறது? கண்ணால் பார்க்க முடியுமா?

கண்ணால் பார்க்க முடியாது. ஒளி அவ்வளவு மெலிசானது.

உள்ளங்கை அளவுள்ள ஒரு தட்டில் 96 சின்னக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் சில பத்தாயிரம் செல்களை விட்டு, 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள பெட்டியில் வைக்கிறோம். அவை அடியில் ஒட்டிக்கொண்ட பிறகு, சோதிக்க வேண்டிய ரசாயனத்தைப் பல அடர்த்திகளில், பெரும்பாலும் பத்து மடங்கு பத்து மடங்காகக் குறைத்து, ஒவ்வொன்றையும் மூன்று குழிகளில் விடுகிறோம். அதே தட்டில், உடம்பின் முக்கிய ஈஸ்ட்ரோஜெனான எஸ்ட்ராடையாலும் ஒரு வரிசையாக இருக்கும். ரசாயனத்தைக் கரைக்கும் திரவத்தை மட்டும் விட்ட குழிகளும் இருக்கும். சுமார் ஒரு நாள் விட்டுவிடுகிறோம். மறுநாள் முதலில் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். செல்கள் உருண்டு மிதக்கின்றனவா, ஒட்டியே இருக்கின்றனவா? இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. அப்புறம் செல்லை உடைக்கும் திரவம். தட்டு ஒளிமானிக்குள் போய் இழுப்பறை மூடிக்கொள்ளும், உள்ளே முழு இருட்டு. கருவி ஒவ்வொரு குழியாக லூசிபெரினைப் பீய்ச்சி, சில விநாடிகள் ஒளியை எண்ணும். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக விழும். எஸ்ட்ராடையால் வரிசையில் எண்கள் ஏறி, ஒரு இடத்தில் சமமாகி நிற்க வேண்டும். அந்த வளைவு சரியாக வரவில்லையென்றால் அன்றைய தட்டு முழுவதும் குப்பைக்குத்தான், சோதனைப்பொருள் என்ன எண் காட்டியிருந்தாலும் சரி.

நல்ல செல் வகைகள் எஸ்ட்ராடையாலை ஒரு லிட்டருக்கு சில நானோகிராம் என்ற அளவிலேயே தெளிவாகக் காட்டிவிடும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு நானோகிராம்.

இது சும்மா ஆராய்ச்சியா, அங்கீகரிக்கப்பட்ட முறையா?

அங்கீகரிக்கப்பட்டது. பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2009இல் வெளியிட்ட 455ஆம் வழிகாட்டி, ஜப்பானில் உருவான ஹீலா 9903 என்ற ஒளிரும் செல்லை வைத்து எழுதப்பட்டது. பின்னால் வேறு செல் வகைகளும் அதில் சேர்ந்தன. ஆண் ஹார்மோன் ஏற்பிக்கு 458 என்று தனி வழிகாட்டி 2016இல் வந்தது. அமெரிக்காவில் டாக்ஸ்21 என்ற அரசுத் திட்டத்தில் ரோபோக்கள் 1,536 குழிகள் உள்ள தட்டுகளில் ஏறக்குறைய 10,000 ரசாயனங்களை இப்படிச் சலித்தன. 2015இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனம், இதுபோன்ற பல செல் சோதனைகளைச் சேர்த்துக் கணிக்கும் முறையை, எலியின் கர்ப்பப்பை எடையைப் பார்க்கும் பழைய சோதனைக்கு மாற்றாக ஏற்கலாம் என்று அறிவித்தது. உயிரினச் சோதனை முழுவதும் ஒழிந்துவிடவில்லை. எதை எலியிடம் கொண்டுபோக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேலையைச் செல்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

எங்கள் தண்ணீரில் டி.டி.எஸ்., சி.ஓ.டி., நிறம் எல்லாம் பார்க்கிறோமே. அது போதாதா?

போதாது. இதை அழுத்திச் சொல்கிறேன். டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் உப்பு. சி.ஓ.டி. என்பது ஆக்சிஜனைத் தின்னும் கழிவின் மொத்தம். இரண்டும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. ஹார்மோன் விஷயம் அதிலிருந்து பத்து லட்சம் மடங்கு கீழே, நானோகிராமில் நடக்கிறது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கலாம். அடர்சிவப்புச் சாயத் தண்ணீரில் இல்லாமலும் இருக்கலாம்.

நொய்யலில் நடந்த சண்டை முழுவதும் நிறத்தையும் உப்பையும் பற்றியது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீர் வயலைக் கெடுத்தது, கிணறுகள் உப்பாயின, வழக்கு நடந்தது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அதன்பின் கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு முறையோடு பட்டறைகள் திறந்தன. விவசாயிகள் கண்ணால் கண்டதை வைத்துப் போராடி ஜெயித்த விஷயம் அது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பக்கத்தைப் பற்றியும் அதே அக்கறை வேண்டும் என்பதுதான் நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்வது.

அப்படியானால் பெரிய கருவியில் ரசாயனம் ரசாயனமாகப் பார்த்துவிடலாமே?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் கருவி, வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்களை மட்டும் கூப்பிடும் வாத்தியார் மாதிரி. பட்டியலில் இல்லாதவன் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குத் தெரியாது. சிதைந்து வேறு பொருளாக மாறியவை, பெயரே வைக்கப்படாதவை, தனித்தனியாக அளவுக்குக் கீழே இருந்து ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்பவை எல்லாம் விட்டுப்போகும். செல் பெயரைக் கேட்பதில்லை. தண்ணீரில் உள்ள எல்லாம் சேர்ந்து ஏற்பியை என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

சாயப்பட்டறையில் ஹார்மோன் எங்கிருந்து வரும்?

சாயத்தைவிட, சாயத்தோடு போகும் சோப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துணியை நனைக்க, எண்ணெய்ப் பசை போக்க, கழுவ என்று டிரம் டிரம்மாக வாங்கும் வெட்டிங் ஆயில், சோப் ஆயில் வகைகளில் நோனைல்பீனால் எத்தாக்சிலேட் என்ற பொருள் இருக்கலாம். விலை குறைவு, வேலை சுத்தம், அதனால் உலகம் முழுக்கப் பரவியது. அது அப்படியே இருக்கும்போது பெரிய பிரச்சினை இல்லை. சுத்திகரிப்புத் தொட்டியில் பாக்டீரியா அதைக் கடித்துக் கடித்து வாலைக் குறைக்கும்போது, கடைசியில் நோனைல்பீனால் மிஞ்சுகிறது. அதுதான் ஈஸ்ட்ரோஜென் போல நடிக்கும். கசடில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் நிற்கவும் செய்யும்.

இதைக் கண்டுபிடித்த விதம் கேட்கவேண்டியது. அமெரிக்காவில் ஆனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் இருவரும் மார்பகப் புற்றுச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜென் கொடுக்காத செல்களும் பெருகத் தொடங்கின. தேடிப்போனால், அவர்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாயிலிருந்தே நோனைல்பீனால் கசிந்துகொண்டிருந்தது. 1991இல் அதை வெளியிட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை இங்கிலாந்தின் ஏர் ஆறு. கரையில் கம்பளி ஆலைகள். கம்பளியைக் கழுவிய சோப்புத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றில் கலந்தது. 1990களில் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் வைத்து அங்கே இறக்கினார்கள். பெண் மீன்கள் முட்டைக்காக உண்டாக்கும் மஞ்சள்கருப் புரதம், அந்த ஆண் மீன்களின் ரத்தத்தில் மிக அதிகமாக ஏறியிருந்தது. ஆலைகளிலிருந்து வந்த அந்தச் சோப்பு குறைந்தபின் கழிவுநீரின் ஹார்மோன் வீரியமும் குறைந்ததை அளந்து காட்டினார்கள். ஜவுளி ஊர், ஒரு சிறிய ஆறு, ஒரே ஒரு வகைச் சோப்பு. மாற்றியதும் பலன் தெரிந்தது.

ஏற்றுமதிக்கு இது தேவையா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரி 3 முதல், தண்ணீரில் துவைக்கக்கூடிய துணிகளில் நோனைல்பீனால் எத்தாக்சிலேட் எடையில் 0.01 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதை உறுதிசெய்வது கருவிச் சோதனைதான். ஒளிரும் செல் சோதனையை அந்தச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் துணி தேர்ச்சி பெற்றுவிட்டது என்பதற்காக அதைக் கழுவிய தண்ணீர் தேர்ச்சி பெற்றதாக ஆகாது. சோப்பில் பெரும்பகுதி தண்ணீரோடுதான் போகிறது. வாங்குபவர் ஊருக்குப் போவது துணி, நம் ஊரில் தங்குவது தண்ணீரும் கசடும்.

ஒளி வந்துவிட்டால் அந்த ரசாயனம் ஆபத்து என்று முடிவு கட்டலாமா?

கூடாது. ஒளி வந்தால், இந்தப் பொருளால் ஏற்பியை முடுக்க முடியும் என்று அர்த்தம். உடம்பில் அது குடலிலேயே உடைந்துபோகலாம், கல்லீரல் வெளியேற்றிவிடலாம், நமக்குக் கிடைக்கும் அளவு மிகக் குறைவாக இருக்கலாம். நோனைல்பீனாலும், சில பிளாஸ்டிக்குகளில் இருக்கும் பிஸ்பினால் ஏ–யும் இந்தச் சோதனைகளில் எஸ்ட்ராடையாலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலிமை குறைந்தவை. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீனும் ஒளியைக் கொடுக்கும். சோயா சாப்பிடாதீர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

பொய்யான ஒளியும் உண்டு. சில தாவரப் பொருள்கள் அதிக அடர்த்தியில் ஏற்பியோடு சம்பந்தமில்லாமலே லூசிபெரேஸ் நொதியின் அளவைக் கூட்டிவிடும். அப்போது எஸ்ட்ராடையாலின் உச்சத்தையும் தாண்டி எண் எகிறும். அந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்துபோகாமல் சந்தேகப்பட வேண்டும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கூடவே கொடுங்கள். ஒளி அணைந்தால் அது ஏற்பி வழியாக வந்த ஒளி. அணையாவிட்டால் வேறு ஏதோ.

ஒளி வரவில்லை. அப்படியானால் பயமில்லையா?

அதுவும் இல்லை. முதலில் செல் உயிரோடு இருந்ததா என்று பாருங்கள். செத்த செல் ஒளிராது. உயிர்ப்பு 80 சதவீதத்துக்குக் கீழே போன அடர்த்திகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சாயத் தண்ணீரில் இது அடிக்கடி வரும் தொல்லை. போதாததற்கு, செல்லுக்குள் புகுந்த அடர்நிறம் வருகிற ஒளியையும் விழுங்கிவிடலாம்.

அப்புறம், சில பொருள்கள் தாங்களாக ஒன்றும் செய்யாது. கல்லீரல் மாற்றிக் கொடுத்த பிறகுதான் வேலையைக் காட்டும். மெத்தாக்சிகுளோர் என்ற பழைய பூச்சிமருந்து அப்படித்தான். தட்டில் கல்லீரல் நொதிகள் போதிய அளவில் இல்லை, தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம்: ஹார்மோனைக் குலைக்க ஏற்பி மட்டும் வழியில்லை. உடம்பு ஹார்மோனைத் தயாரிப்பதையே தடுக்கலாம், தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் போவதைத் தடுக்கலாம். பெர்குளோரேட் என்ற ரசாயனம் செய்வது இரண்டாவது வேலை. ஈஸ்ட்ரோஜென் செல் அதையெல்லாம் பார்க்காது. அவற்றுக்கு வேறு சோதனைகள்.

தோட்டத்தில் அடிக்கும் மருந்துகள்?

இங்கே ஆண் ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டும். டி.டி.டி. உடைந்து வரும் டி.டி.இ., வின்குளோசோலின் என்ற பூஞ்சைக்கொல்லி உடைந்து வரும் பொருள்கள் எல்லாம் ஆண்ட்ரோஜென் ஏற்பியை முடுக்குவதில்லை, அடைக்கின்றன. அதனால் சோதனையும் தலைகீழ். செல்லுக்கு முதலிலேயே ஆண் ஹார்மோன் கொடுத்து ஒளிரவிட்டு, மருந்தைச் சேர்த்ததும் ஒளி குறைகிறதா என்று பார்ப்பார்கள். மஞ்சள், தென்னை, காய்கறித் தோட்டத்துக்காரர்கள் கடையில் மருந்து வாங்கும்போது இந்தப் பெயர்களைத் தேட வேண்டியதில்லை. மூன்று நான்கு மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடிக்கும் பழக்கத்தைத்தான் விட வேண்டும். கலவையின் விளைவை எந்த லேபிளும் சொல்லாது.

நொய்யல் தண்ணீரையோ எங்கள் கிணற்றுத் தண்ணீரையோ கொண்டுவந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம், எடுக்கும் விதம் சரியாக இருந்தால். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து வந்தால் அந்தத் தண்ணீர் எதற்கும் ஆகாது. மெத்தனாலில் அலசிக் காயவைத்த பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும். சோப்பு போட்டுக் கழுவக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். கையில் பூசிய கிரீம், சன்ஸ்கிரீன் எதுவும் ஆகாது. ஒரு லிட்டர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றோ மறுநாளோ கொண்டு சேர்க்க வேண்டும். இன்னொரு பாட்டிலில் ஆய்வகத்துச் சுத்தத் தண்ணீரை நிரப்பி, ஆற்றங்கரையில் அதையும் கொஞ்ச நேரம் திறந்து மூடிக் கொண்டுவர வேண்டும். அந்தப் பாட்டில் ஒளிர்ந்தால், அழுக்கு வந்தது ஆற்றிலிருந்து இல்லை, நம்மிடமிருந்து.

ஆய்வகத்தில் அந்த லிட்டரை ஒரு வடிப்பானில் செலுத்தி, ஒட்டிய பொருள்களை மட்டும் கரைத்தெடுத்துச் சுண்டக் காய்ச்சாமல் மெல்ல ஆவியாக்கிச் சிறு துளியாக்குவோம். முடிவை, லிட்டருக்கு இத்தனை நானோகிராம் எஸ்ட்ராடையாலுக்குச் சமம் என்று எழுதுவோம்.

ஒளிர்ந்தால் பட்டறைகள்தான் காரணமா?

இதில் அவசரப்படக் கூடாது. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையின் சாக்கடையை வாங்கிக்கொண்டுதான் திருப்பூருக்கே வருகிறது. மனிதர்கள் எல்லோரும் சிறுநீரில் இயற்கையான ஈஸ்ட்ரோஜெனை வெளியேற்றுகிறோம். கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடையாலும் அதோடு போகும். இங்கிலாந்தில் வீட்டுக் கழிவுநீரைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, வீரியத்தின் பெரும்பங்கு இந்த ஹார்மோன்களுடையதுதான் என்று தெரிந்தது. பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை எருவிலும் ஹார்மோன்கள் உண்டு, மழையில் அது ஓடை சேரும்.

கனடாவில் ஒரு சோதனை ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகளில் எத்தினைல் எஸ்ட்ராடையாலை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். ஒரு வகைச் சிறுமீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய அழிந்தே போனது. சாக்கடையை லேசாக எண்ணக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காரணம் யார் என்று அறிய, பட்டறைப் பகுதிக்கு மேலேயும் கீழேயும், சாக்கடை சேருமிடத்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுக்க வேண்டும். ஒளிர்ந்த மாதிரியைப் பிரித்து, ஒளிரும் பகுதியை மட்டும் கருவிக்கு அனுப்பிப் பெயர் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு ஊரையோ தொழிலையோ கைகாட்டுவது நியாயமில்லை.

பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கு இதுதான் காரணமா?

இந்தச் சோதனையை வைத்து அதைச் சொல்ல முடியாது. உணவு, உடல் எடை, குடும்ப வழி என்று பல காரணங்கள் உள்ள விஷயம் அது. எட்டு வயதுக்கு முன்பே மாற்றங்கள் தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தண்ணீர்ப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவில் சூடான சாம்பார் ஊற்றாதீர்கள், எவர்சில்வருக்கு மாறுங்கள் என்பது மட்டும் தைரியமாகச் சொல்லலாம். குழந்தைகளின் பால் பாட்டிலில் பிஸ்பினால் ஏ–யை ஐரோப்பா 2011இலேயே தடுத்துவிட்டது.

எங்கள் கல்லூரியில் இதைச் செய்ய முடியுமா?

மனிதச் செல் என்றால் செலவு அதிகம். பெட்டி, சுத்தக் காற்று மேடை, ஒளிமானி, செல்லுக்கான அனுமதி எல்லாம் வேண்டும். மரபணு மாற்றிய செல் என்பதால் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். செல்லுக்குக் கொடுக்கும் திரவத்தில் வழக்கமாகப் போடும் பீனால் ரெட் என்ற நிறமியே லேசாக ஈஸ்ட்ரோஜென் வேலை செய்யும். அது இல்லாத திரவம், கரியால் ஹார்மோன் நீக்கிய சீரம் என்று ஒவ்வொன்றும் தனிச் செலவு.

ஈஸ்டில் செய்யும் முறை எளிது. மனித ஈஸ்ட்ரோஜென் ஏற்பியை ஈஸ்டுக்குள் வைத்து, நிறம் மாறுவதைப் பார்க்கும் சோதனை 1996இல் வெளியானது. ஒளிரும் ஈஸ்டும் பின்னால் வந்தது. நுண்ணுயிரியல் துறை உள்ள எந்தக் கல்லூரியும், ஒப்புதல் வாங்கிக்கொண்டு, இதில் தொடங்கலாம். தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் பருவம் முழுவதும் ஆற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள். சுத்தத் தண்ணீர், எஸ்ட்ராடையால் இரண்டை மட்டும் வைத்து, வளைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும்வரை மாணவர்களைச் செய்யவிடுங்கள். அதன்பின் ஒரத்துப்பாளையம் போகலாம்.